அது நாடா தள்ளும் கை என்று சொன்ன அக்கா

அக்காவின் உயிர் பிரிந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள்: மாமா. அவர்கள் மகன் சேகர். என் மனைவி. என் மகள் வள்ளி. அக்காவோடு பள்ளிக்கூடத்தில் சமைத்த கன்னியம்மாள். வள்ளிக்கு இரண்டாம் வகுப்பு எடுத்த வாத்தியார். நான்.

வாத்தியார் ஏன் இருந்தார் என்று சொந்தக்காரர்கள் சிலர் அன்று கேட்டார்கள். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. வருஷ திதிக்கு நினைவு மலர் அச்சுப் போடலாம் என்று சேகர் சொன்னான். அதில் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அக்கா பிறந்தது தாமலில், எங்கள் அம்மாவின் ஊரில். வளர்ந்தது காஞ்சிபுரத்தில். ஏழு வயதில் அப்பாவின் தறியில் உட்கார வைத்தார்கள். பதினாறில் கல்யாணம். மாமாவும் தறிக்காரர்தான். சேகர் பிறந்த பிறகு மாமாவுக்குக் கண் மங்கியது. சரிகை தெரியவில்லை. தறியை விட்டார். சீனாக்காரன் சண்டைக்கு மறு வருடம் அக்கா பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கப் போனார். நம் தெருப் பெண் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்குவதா என்று பேசினார்கள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்வார். அதற்கு ஒரு கரண்டி கூட விழும்.

அரிசிப் பஞ்சம் வந்த வருடம் வள்ளிக்கு ஏழு வயது. என் தறியில் கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்குத் தனி நாடா, குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் கட்டை. அதை வலது பக்கம் உட்கார்ந்து தள்ள ஒரு ஆள் வேண்டும். பள்ளிக்கு முன்னும் பின்னும் வள்ளி உட்கார்ந்தாள். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. தறிச் சட்டத்தில் விரலால் ஒரு தட்டு. உடனே அவள் தள்ள வேண்டும். தப்பினால் தலையில் ஒரு குட்டு. எங்கள் அப்பாவும் அப்படித்தான்.

வாத்தியாருக்கும் ஒரு பழக்கம். வகுப்பில் சத்தம் வந்தால் பிரம்பால் மேசையில் ஒரு தட்டு. தட்டியதும் வள்ளியின் வலது கை பாய்ந்தது. பக்கத்துப் பெண்ணின் சிலேட்டுப் பலகை விழுந்து உடைந்தது. இன்னொரு நாள் அந்தப் பெண்ணின் மூக்கில் பட்டது. வேண்டுமென்றே அடிக்கிறாள் என்று வாத்தியார் அவள் கையில் பிரம்பைப் போட்டார். பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பினால் பலகையைத் தட்டுவார்கள். கை போகும். “பேய்க் கை, பேய்க் கை” என்று சிரிப்பார்கள். வள்ளி பள்ளிக்கூடத்தில் பேச்சை விட்டாள். வகுப்பிலேயே பாவாடையை நனைத்தாள்.

நாங்களும் பேய் என்றே நினைத்தோம். கூட்டிப்போய் வேப்பிலை அடித்துக் கூட்டிவந்தோம். ஒன்றும் மாறவில்லை. வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, “மாசக் கடைசியில பேரை எடுத்துடறேன்பா. குணமானதும் கூட்டிக்கினு வா” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. தறிக்கு முழு நாளும் ஆள் கிடைத்தது என்று நினைத்தேன். இதை மறைக்கப் போவதில்லை.

அந்த வாரம் ஒரு மதியம் அக்கா சோறு போட்டுக்கொண்டிருந்தார். கரண்டியில் ஒட்டியதை உதிர்க்க அண்டா விளிம்பில் தட்டினார். வரிசையில் நின்ற வள்ளியின் கை பாய்ந்தது. அன்று சாயங்காலம் அக்கா நேராக என் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார்.

“அது அடிக்கிற கை இல்லடா. நாடா தள்ற கை.”

“சோத்து வரிசையில ஏதுக்கா நாடா?”

“சத்தம் வந்துதே. சத்தம் வந்தா கை போவும். போவலன்னா குட்டு. கொழந்தை பயந்துக்கினு இருக்குது, உனக்குத் தெரியலியா?”

“எல்லாரும் குட்டு வாங்கித்தான் கத்துக்கறாங்க. நீ வாங்கலியா?”

“வாங்கனேன். அதான் பார்த்ததும் தெரிஞ்சிது.”

அக்கா போகும்போது, “வாயைத் தொறந்து ‘தள்ளும்மா’ன்னு சொன்னா முத்து கொட்டிடுமா உனக்கு?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரைக் கூட்டிவந்தார். பள்ளிக்கு ஞாயிறு லீவு. எங்களுக்கு அமாவாசைதான் லீவு. தறி ஓடிக்கொண்டிருந்தது. வள்ளி வாத்தியாரைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“சார், அந்த எடத்துல நீங்க உக்காருங்க” என்றார் அக்கா.

அவர் வேட்டியை மடித்து உட்கார்ந்தார். நான் தட்டினேன்.

“என்ன?” என்றார்.

“தட்டினேனே சார்.”

“வாயால சொல்லக் கூடாதாய்யா?”

“நல்லாக் கேளுங்க சார்” என்றார் அக்கா. “நானும் அதைத்தான் கேட்டுக்கினு இருக்கேன்.”

மூன்று முறை தப்பினார். நான்காவது முறை அவசரமாகத் தள்ளினார். நாடா தறிக்குழியில் விழுந்தது. வள்ளி சிரித்துவிட்டாள்.

“கட்டைவிரலை மேல வெச்சா வழுக்கிடும் சார். இப்படி வெச்சிக்கோங்க.”

பல மாதம் கழித்து அவர் முன்னால் அவள் பேசியது அதுதான். வாத்தியார் அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “நான் தட்டறப்ப எல்லாம் இதானாம்மா?” என்று அவளைக் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அவர் அரை மணி நேரம் உட்கார்ந்து தள்ளிவிட்டுப் போனார். மறுநாள் பிரம்பை மேசையில் தட்டவில்லை. சத்தம் வந்தால் கையைத் தூக்கி நிற்பாராம்.

தட்டிக் கிண்டல் செய்த பிள்ளைகளை அக்கா திட்டவில்லை. சோறு போடும்போது வள்ளியைத் தன் பக்கத்தில் நிறுத்திக் கரண்டியை அவள் கையில் கொடுத்தார். அண்டாவில் அவளே தட்டினாள். அவளே தட்டினால் கை பாயவில்லை. கரண்டி வைத்திருப்பவளைக் கிண்டல் செய்ய எந்தப் பிள்ளைக்கும் தைரியம் இல்லை.

வீட்டில் நான்தான் கஷ்டப்பட்டேன். விரல் தானாகப் போகும். என் மனைவி பார்த்தால், “அண்ணிகிட்ட சொல்லிடுவேன்” என்பாள். “தள்ளும்மா” என்று சொல்லப் பழக ஒரு மாதம் ஆனது. பிறகு வள்ளியின் இடத்தில் என் மனைவி உட்கார்ந்தாள். வள்ளியின் கை அடங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பரீட்சை வந்தால் திரும்ப வரும். அப்போதெல்லாம் அக்கா அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வேறு ஏதாவது பேசுவார். அது என்ன பேச்சு என்று நான் கேட்டதில்லை.

கடைசி வருடம் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. படுத்த பிறகு பத்து வாரம் இருந்தார். வள்ளிதான் சோறு ஊட்டினாள். அக்கா யாரையும் குறை சொல்லவில்லை. என்னையும் சொல்லவில்லை.

ராத்திரி பகல் பார்க்காமல் வந்த கன்னியம்மாளுக்கும், ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்கும், தறியை நிறுத்திவிட்டு வந்து தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள். தன் தப்பைத் தெரிந்துகொள்ள என் தறியில் வந்து உட்கார்ந்த வாத்தியாருக்குக் கும்பிடு.

அந்த மாசக் கடைசியில் வள்ளியின் பேரை எடுக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போனது மூன்று வருடம். வள்ளி போனது பதினொன்று.