தங்கம் இறங்கட்டும்

என் அண்ணன் பள்ளிக்கூடத்தில் பொருளியல் வாத்தியார். அவனிடம் படித்த பிள்ளைகள் எப்படியோ பாஸாகித் தப்பித்துவிட்டார்கள். மாட்டிக்கொண்டது நான்தான்.

என் மகளுக்கு ஒரு வயதில் காது குத்த நாள் பார்த்தோம். தாய்மாமன் கம்மல் வாங்கி வந்து, பிள்ளையைத் தன் மடியில் வைத்துக் குத்த வேண்டும். அதுதான் முறை. அண்ணன் தச்சநல்லூரிலிருந்து போன் செய்தான்.

"அரைப் பவுன்ல போட்டு அசத்திருவோம்ட்டி. ஆனா இப்ப வாங்குதவன் மடையன். அமெரிக்காவுல வட்டி ஏறப் போவுது, தங்கம் எறங்கிரும். பைய குத்துவோம்."

வட்டி ஏறியது. தங்கமும் கூடவே ஏறியது. எங்கள் வீட்டில் ஒற்றைப்படை வயதில்தான் காது குத்துவார்கள். ஒரு தடவை தள்ளினால் இரண்டு வருஷம் போய்விடும். மூன்று வயதில், "சண்டை முடியட்டும்" என்றான். எந்தச் சண்டை என்று நான் கேட்கவில்லை. ஐந்தில், "இதுதான் உச்சி, இனி சரிவுதான்" என்றான். அதற்குள் அரைப் பவுன் என்ற பேச்சு ஒரு கிராமுக்கு வந்திருந்தது. ஊரே அப்படித்தான். வண்ணார்பேட்டைக் கடைகளில் இப்போது கம்மலைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும். ஆனாலும் வாங்காதவர்கள் யாரும் இல்லை, இவனைத் தவிர.

மகள் ஸ்டிக்கர் கம்மலோடு பள்ளிக்கூடம் போனாள். என் மாமியார், நான் நிற்கும்போதே பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னார்: "தாய்மாமன் வந்துருவாவ. புள்ள கல்யாணத்துக்குள்ள வந்துருவாவ."

அடுப்படிக்குப் போய் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"கம்மல நானே வாங்கிக்கிடுதேன். நீ மடிய மட்டும் கொண்டு வா."

அது சுட்டுவிட்டது. மகளின் ஏழாவது வயதில், ஆற்றங்கரைக் கோயிலுக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். அவன் வாங்கி வந்த கம்மல் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. என் மகளோ மடி கொள்ளாமல் வளர்ந்திருந்தாள். கால் இரண்டும் எதிரே இருந்த ஆசாரியின் மடிக்குப் போய்விட்டன. அவர் ஊசியை எடுத்ததும் துள்ளி எழுந்தாள். மாமன் போனில் பேசுவதைக் கேட்டே வளர்ந்த பிள்ளை. கூட்டம் மொத்தத்துக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இப்ப வேண்டாம் மாமா. தங்கம் எறங்கட்டும், பொறவு குத்துவோம்."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் என்னைப் பார்த்தான், கையிலிருந்த கம்மலைப் பார்த்தான். நெற்றியெல்லாம் வேர்வை.

"அது இனிமே எறங்காதுட்டி," என்றான் அவளிடம். "நீ உக்காரு."