பதினேழு மீட்டருக்குள்

நான் சொல்வதில் பாதிதான் உண்மை என்பாள் என் மனைவி. இது அந்த உண்மையான பாதி. நம்பாதவர்கள் என் மகளைக் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கும் யாராவது கைதட்டினால் எழுந்து வெளியே போய்விடுகிறாள்.

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'பாதி சார்'. காரணம், எதிரொலிக் கணக்கு. சத்தம் சுவர்வரை போய்த் திரும்பி வருகிறது. அது கடந்த தூரத்தில் பாதிதான் சுவர் இருக்கும் தூரம். இரண்டால் வகுக்க மறந்தால் மதிப்பெண்ணைப் பாதியாக வெட்டிவிடுவேன். வெட்டுப்பட்டவர்களில் என் மகளும் ஒருத்தி. பத்தாம் வகுப்பு. அன்று காலை பத்து மணிக்கு அவளுக்குத் தேர்வு.

"நேர்ல பாத்தா மண்டைல ஏறும், வா" என்று பள்ளி மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"சத்தத்தை எப்படிப்பா பாக்கறது?"

"வாயை மூடிக்கிட்டு வந்தா பாக்கலாம்."

மணி 6.10. நல்ல மூடுபனி. எதிர்ச்சுவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் தூரம் எனக்கு மனப்பாடம்: 85 மீட்டர். அவள் கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டாள். ஒவ்வொரு சத்தமும் திரையில் ஒரு முள்ளாக எழும்.

கைதட்டினேன்.

டப்... டப்.

இரண்டு முள். இடைவெளி 0.5 நொடி. நொடிக்கு 340 மீட்டர் என்றால் அரை நொடிக்கு 170. அதில் பாதி 85.

"பாத்தியா, அப்பா யாரு!"

"சுவருதானேப்பா எல்லா வேலையும் பண்ணுச்சு?"

மறுபடி தட்டினேன். 0.4.

"என்னப்பா, சுவரு நடந்து வருதா?" அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பனி, ஈரம், மட்டமான போன் என்று வாய்க்கு வந்த காரணமெல்லாம் சொன்னேன்.

6.16. இன்னொரு தட்டு. 0.3.

"உனக்குத் தட்டவே தெரியல. தள்ளு." அவள் தட்டினாள்.

0.2.

சிரிப்பு நின்றுபோனது.

சுவர் நகராது. பனிக்குள் நிற்பது சுவர் இல்லை. காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"பயப்படாதே... இன்னும் அறுபத்தெட்டு மீட்டர் இருக்கு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"அப்பா... ரெண்டால வகுக்கல."

முப்பத்து நான்கு.

இப்போது எங்கே வந்திருக்கிறது என்று தெரியாமல் அதற்கு முதுகைக் காட்ட எனக்குத் துணிவில்லை. கையை விடுவித்துக்கொண்டு இன்னொரு முறை தட்டினேன்.

6.19.

டப்.

திரையைப் பார்க்கவில்லை; காதுக்குக் கேட்டது ஒன்றுதான். ஒரே ஒரு டப்.

"போயிடுச்சுப்பா!" என்று மூச்சு விட்டாள்.

 இருபது வருடமாக நானே கரும்பலகையில் எழுதும் வரிதான். இடைவெளி 0.1 நொடிக்குக் கீழே போனால், காது இரண்டையும் ஒன்றாகத்தான் கேட்கும். எதிரொலி போகவில்லை.

பதினேழு மீட்டருக்குள் வந்துவிட்டது.

"ஓடு."

ஓடினோம். செருப்பை விட்டேன். அவள் கையை விடவில்லை.

6.31. வீடு. அவளை உள்ளே தள்ளி, நானும் நுழைந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

அவள் தேர்வு எழுதினாள். எதிரொலிக் கணக்கை மட்டும் தொடவே இல்லை. 

மாலையில்தான் பார்த்தோம். ஒலிப்பதிவை நிறுத்தாமலே ஓடி வந்திருக்கிறாள். போட்டுக் கேட்டோம்.

ஓட்டம்... மூச்சு... கதவு சாத்தும் சத்தம்... தாழ்ப்பாள்.

மூன்று நொடி அமைதி.

பிறகு மறுபடியும் கதவு சாத்தும் சத்தம். மிக மெதுவாக.

நாங்கள் கதவை ஒரு முறைதான் சாத்தினோம். எங்கள் முன்னறை பத்தடிதான். அதில் எதிரொலி கேட்காது.

அதற்குப் பின்... தாழ்ப்பாள்.