பஸ்ஸில் கைமாறிய பாட்டில்

பஸ்ஸிலும் ரயிலிலும் குடிப்பவர்களை அங்கேயே இறக்கிவிட வேண்டும் என்று எங்கள் பொழிச்சலூர் குடியிருப்போர் சங்கத்துக்காக மனு எழுதியவள் நான். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் எழுதினால் எப்படி இருக்கும்? ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, கடைசியில் 'குடிப்பவனுக்கு மனசாட்சி என்று ஒன்று கிடையாது' என்று முடித்திருந்தேன். அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த மனு கைப்பையில் இருந்த நாளில்தான் மகளை ஸ்கேனுக்காகத் தாம்பரம் அழைத்துப்போனேன். இரண்டு முறை உண்டாகித் தங்காமல் போய், இது மூன்றாவது. ஐந்தாம் மாசம். குழந்தை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. திரும்பும்போது ஆட்டோவில் போகலாம் என்றாள் மகள். பஸ்ஸில்தான் குலுக்கல் குறைவு என்று நான் பிடிவாதம் பிடித்தேன். என்னிடம் யார் பேசி ஜெயிப்பது?

மத்தியான வெயில். பஸ் ஸ்டாண்டில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் பையிலிருந்து பாட்டிலை எடுத்து இரண்டு மடக்கு தண்ணீர் குடித்தார். வெயிலில் தண்ணீர் குடிக்கத் தெரிந்த மனுஷன் என்று மனசுக்குள் மார்க் போட்டேன்.

பஸ்ஸில் மகளுக்கு ஜன்னலோரம், எனக்கு நடுவில். எனக்கு அடுத்து உட்கார்ந்தவள் அந்த மனுஷனின் மனைவி. மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டுப் பம்மலுக்குத் திரும்புகிறாளாம். காலி அன்னக்கூடை காலடியில் இருந்தது. நின்றுகொண்டிருந்த புருஷனைப் பார்த்து, "நின்னுகினே கீறியே, பையக் குடு" என்று கை நீட்டினாள். நிற்பவர் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கி வைத்துக்கொள்வது நம் பஸ்களில் வழக்கம்தானே. அவர் மட்டும், "பரவால்ல, கெடக்கட்டும்" என்று இழுத்துப் பிடித்தார். அவள் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கூட்டம் அவரைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனது.

"நாப்பது நாளா தொடலக்கா" என்றாள் என்னிடம். "கோயில்ல கயிறு கட்டிக்கினாரு. ஒழுங்கா வேலைக்குப் போய்கினு கீறாரு." முகமெல்லாம் பூரிப்பு. அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்ததை நானும் பார்த்திருந்தேன்.

குரோம்பேட்டை தாண்டி நெரிசலில் பஸ் நின்றது. "அம்மா, ஒரு மாதிரியா இருக்கு" என்றாள் மகள். அடுத்த நொடி கண் செருகி என் தோளில் சாய்ந்துவிட்டாள். என் பாட்டில் காலி. "தண்ணி! யாராவது தண்ணி குடுங்க!" என்று அலறினேன். பக்கத்தில் இருந்தவள் மடியிலிருந்த பையைத் திறந்து, புருஷனின் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி என் கையில் திணித்தாள். மூன்று நாள் ஜலதோஷம் எனக்கு, மூக்கு அடைத்திருந்தது. அவள் மூக்கில் காலையிலிருந்து மீன் வாசம். மகளின் தாடையைப் பிடித்து பாட்டிலை உதட்டருகே கொண்டுபோனேன்.

"யக்கா! வாணாம்! வாயில ஊத்தாதே!"

பின்னாலிருந்து அவர்தான், ஆட்களை இடித்துக்கொண்டு வந்தார். ஒரு வாய் தண்ணீருக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. பாட்டிலை இறக்கவில்லை.

"சரக்குக்கா அது! நான்தான் கலந்து வெச்சிகினு வந்தேன்!"

என் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் மனைவி பாட்டிலை என்னிடமிருந்து வாங்கி ஒரு தடவை முகர்ந்து பார்த்தாள். எங்கிருந்தோ வேறு ஒரு பாட்டில் கைமாறி வந்தது. நான் முகத்தில் தெளித்ததும் மகள் கண் திறந்தாள்.

கெட்டுப்போன தண்ணி என்று ஒரு பொய் போதும், நான் பாட்டிலைக் கீழே வைத்திருப்பேன். யோசிக்க அவருக்கு நேரமில்லை. நேரமில்லாதபோது அவர் வாயில் வந்தது உண்மை. அத்தனை பேர் முன்னால், அதுவும் பெண்டாட்டி முன்னால். எங்கள் சர்ச்சில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதழுது சாட்சி சொன்னவர்கள் எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு சாட்சியைக் கேட்டதில்லை. பிரமித்துப்போய் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த சாதாரண முகம்.

கண்டக்டர் விசில் அடித்தார். "குடிச்சிட்டு ஏறக்கூடாதுன்னு தெரியாது? இறங்குய்யா." என் மனுவில் மூன்றாவது எண் அதுதான். 'விடுங்க சார்' என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. யாரும் தொடுவதற்கு முன்னால் அவரே இறங்கிவிட்டார்.

மனுவை மறுநாள் கொடுத்துவிட்டேன். தடை வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அந்த பாட்டில் பஸ்ஸில் ஏறாமலே இருந்திருந்தால் என் மகளின் உதடு வரை வந்திருக்காது. கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டேன். சங்கத்தில் ஏன் என்று கேட்டார்கள். தப்பாக எழுதிவிட்டேன் என்று சொன்னேன். முப்பது வருஷத்தில் நான் அதிகம் சொல்லாத வாக்கியம்.

அன்று பஸ் கிளம்புவதற்குள் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இறங்கிய மனுஷன் போகாமல் ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். "பாப்பா கண்ணத் தொறந்துச்சாக்கா?"

பதில் சொன்னது அவர் மனைவிதான். அன்னக்கூடையை இடுப்பிலும் அவர் பையைத் தோளிலும் எடுத்துக்கொண்டு எழுந்து, படியில் இறங்கியபடியே சொன்னாள்.

"தொறந்துட்டா. வா, நடந்தே வூட்டுக்குப் போலாம். உன்கிட்ட பேச நெறைய கீது."