பெயர் சொல்லாத நான்கு தாள்கள்

கோலா பிலா சாலையிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். அப்பா அங்கே டிரசர். காய்ச்சல், பாம்புக்கடி, பிரசவம் என்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லாவற்றையும் அவர்தான் பார்த்தார். டிரசர் மகள் என்பதால் எனக்கு சிரம்பானில் ஆங்கிலப் பள்ளி வாய்த்தது. பிறகு சிங்கப்பூரில் பல்கலைக்கழகம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் என்னைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிடுவார்கள். அது மரியாதை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

மூன்றாம் ஆண்டு விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஊரை விசாரித்து நீண்ட கட்டுரை எழுத வேண்டும். நான் எங்கள் தோட்டத்தையே எடுத்துக்கொண்டேன். மலாயாவில் அது வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று சிதறிக் கிடந்த லயங்களை எல்லாம் பிரித்து, ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் கட்டி, சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். வேலிக்குள் வந்தபின் மக்கள் வாழ்க்கை எப்படி மாறியது என்பதுதான் என் தலைப்பு.

முதல் நாளே வேலி வாசலில் நின்ற காவலர் என் பையைக் கொட்டினார். அரிசி தேடுகிறார் என்று நினைத்தேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"கேள்வியா எழுதி வச்சிருக்கே. யாருக்குக் கொடுக்கப் போற?"

"படிப்புக்குங்க. யூனிவர்சிட்டிக்கு."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. அடையாள அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

உள்ளே அதைவிட மோசம். ரப்பர் பால்வாளியைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் வேலிக்குள் வந்தபிறகு என்ன கஷ்டம் என்று கேட்டேன்.

"ஒரு கஷ்டமும் இல்ல. எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். நான் பென்சிலை எடுத்ததும் அவள் குரல் மாறியது. "எதுக்கும்மா எழுதுறீங்க? எழுதாதீங்க லா."

மறுநாள் கடைக்குள் நுழைந்தபோது பேச்சு நின்றது. நான் உப்பு வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் மறுபடி தொடங்கியது. போலீஸுக்குத் தகவல் கொடுக்கவே நான் சிங்கப்பூரிலிருந்து வந்திருப்பதாக ஒரு பேச்சு, காட்டுக்காரர்களுக்காக வந்திருப்பதாக இன்னொரு பேச்சு. இரண்டும் அப்பாவின் காதுக்கு வந்தன. "சீக்கிரம் முடிச்சிட்டுக் கெளம்பு" என்றார் அப்பா.

மூன்று வாரத்தில் என்னிடம் இருந்தது வீடுகளின் எண்ணிக்கையும் ஒரு வரைபடமும்தான். அப்போதுதான் கிராணி வந்தார். தோட்ட ஆபீசில் கணக்கும் கடிதமும் எழுதுகிறவர். முப்பது வயதைத் தாண்டியவர், யாரோடும் நின்று பேசாதவர். ஆபீசில் நான் விவரம் கேட்டபோது "தொரையத்தான் கேக்கணும்" என்று வெள்ளைக்கார மானேஜரின் அறையைக் காட்டி, முகம் பார்க்காமல் சொன்னவர். ஒரு மதியம் தலைவலி என்று ஆஸ்பத்திரிக்கு வந்து, அப்பா மருந்து எடுக்க உள்ளே போன நேரத்தில், மடித்த நான்கு தாள்களை என் கையில் வைத்தார்.

"நான் எழுதினது. உபயோகப்பட்டா வச்சுக்க தங்கச்சி. என் பேரு மட்டும் வரக்கூடாது."

தாள்களில் இருந்தது அருமையான ஆங்கிலம். காலை ஆறு மணிக்கு வாசல் திறப்பதற்குள் கூட்டம் சேர்வது, பால்வெட்டுக்குப் போகிற பெண்கள் இப்போது எத்தனை தூரம் கூடுதலாக நடக்கிறார்கள், பழைய லயத்தோடு விட்டு வந்த கோயில், எல்லாம் இருந்தன. ஒரு வரி இன்னும் நினைவில் இருக்கிறது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "முதலில் கோழிகள் போயின. பிறகு கீரைப் பாத்திகள். மூன்றாவதாக, வாசலில் உட்கார்ந்து பேசுவது போயிற்று."

அதை அப்படியே எடுத்து எழுதினேன். அங்கங்கே ஒரு சொல்லை மாற்றினேன். பெயர் வேண்டாம் என்றார் அல்லவா, அதனால் எந்தக் குறிப்பும் போடவில்லை. வாக்குக் காப்பாற்றுகிறோம் என்றுகூட ஒரு பெருமை இருந்தது. கட்டுரையின் முதல் பக்கத்தில் இருந்த ஒரே பெயர் என்னுடையது.

சிங்கப்பூர் திரும்பி ஒரு மாதம் கழித்து விரிவுரையாளர் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் என் கட்டுரை, பக்கத்தில் தோட்ட முதலாளிமார் படிக்கிற ஒரு பத்திரிகை. இரண்டையும் என் பக்கம் திருப்பி வைத்தார். பத்திரிகையில் கோழிகள் போயின, கீரைப் பாத்திகள் போயின, பேச்சும் போயிற்று. கீழே எங்கள் துரையின் பெயர்.

"இது உங்கள் கட்டுரைக்கு முன்பே வந்தது. நீங்கள் இதைப் பார்த்து எழுதினீர்களா?" என்று கேட்டார்.

"இந்தப் பத்திரிகையை நான் இதுவரை கண்டதே இல்லை."

"அப்படியானால் ஒரே வாக்கியம் இரண்டு பேருக்கு எப்படித் தோன்றும்?"

விரிவுரையாளர் ஒரு வாரம் தந்தார். அதற்குள் அந்தப் பக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் விஷயம் மேலே போகும்.

சிரம்பானுக்குப் பகல் ரயிலில் வரும்போது என் சந்தேகம் முழுவதும் கிராணி மேல் இருந்தது. துரை எழுதியதைப் பார்த்து எழுதி என் தலையில் கட்டிவிட்டாரோ? வேண்டுமென்றே மாட்டிவிட்டாரோ? பெயர் வேண்டாம் என்றது இதற்குத்தானோ? தஞ்சோங் மாலிம் பக்கம் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றி எதிர் இருக்கையில் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதுவும் ஏறவில்லை.

கிராணியை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். பத்திரிகையிலிருந்து நான் கையால் பிரதி எடுத்து வந்திருந்த பக்கத்தை நீட்டினேன்.

"அண்ணே, தொரை எழுதினதப் பாத்துத்தான் எனக்குக் கொடுத்தீங்களா?"

அவர் நின்றபடியே படித்தார். கடைசியில் இருந்த பெயரை இரண்டு முறை பார்த்தார்.

"தொரை எந்தக் கோழியப் பாத்தாரு? வித்தது எங்க வீட்டுக் கோழி" என்றார். குரல் தணிந்துதான் இருந்தது. "கம்பெனிக்கு அனுப்பணும், எழுதிக் கொடுன்னு கேட்டாரு. எழுதிக் கொடுத்தேன். பொஸ்தகத்துல போடுவாருன்னு சொல்லல."

எனக்கு மூச்சு வந்தது. "அப்படின்னா நீங்கதான் எழுதினீங்கன்னு சொன்னாப் போதும் அண்ணே. நான் தொரைகிட்டேருந்து திருடலன்னு தெரிஞ்சிடும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தொரை தன் பேரப் போட்டுக்கிட்டாரு. நீ யார் பேரப் போட்ட, தங்கச்சி?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. ரயிலில் நூறு விதமாகச் சந்தேகப்பட்டேன், என்னை ஒருமுறையும் சந்தேகப்படவில்லை. துரையிடமிருந்து நான் எடுக்கவில்லை என்பது உண்மை. இவரிடமிருந்து எடுத்தேன் என்பதும் உண்மை.

"நீங்கதானே பேரு வேணாம்னீங்க" என்றேன். சொல்லும்போதே அது நிற்காது என்று தெரிந்தது.

"என் பேரு வேணாம்னேன். உன் பேரப் போடச் சொன்னேனா?"

பிறகு அவர் முகத்தில் பயம் வந்தது. ஆபீஸ் காகிதம் வெளியே போயிருக்கிறது என்று துரைக்குத் தெரிந்தால் வேலை போகும். வேலையோடு போனால் அதிர்ஷ்டம். யாருக்குக் கொடுத்தான், எதற்குக் கொடுத்தான் என்று ஒரு வார்த்தை போலீஸிடம் சொன்னால் விசாரணையே இல்லாமல் பிடித்து வைத்துவிடலாம். அப்படி இரண்டு பேர் எங்கள் தோட்டத்திலேயே போயிருந்தார்கள்.

"அந்தத் தாளெல்லாம் எங்க?"

என் பையில்தான் இருந்தன. அவர் கையெழுத்தில், அடித்தல் திருத்தலோடு, துரையுடையது அல்ல என்பதற்கு இருந்த ஒரே சாட்சி. கொடுக்கலாமா என்று ஒரு கணம் பையை இறுக்கிப் பிடித்தேன். அதையும் அவர் பார்த்துவிட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஊசி கொதிக்க வைக்கிற அடுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டார். நான்காவது தாளும் கரியானபிறகு, அப்பாவுக்குக்கூட வணக்கம் சொல்லாமல் போய்விட்டார்.

சிங்கப்பூரில் விரிவுரையாளரிடம் சொன்னேன்: "அந்தப் பக்கங்கள் என்னுடையவை அல்ல. துரையுடையவையும் அல்ல. இன்னொருவர் எழுதியது. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன்."

"நான் எப்படி நம்புவது?"

"நம்பச் சொல்லிக் கேட்கவில்லை. நான் எழுதவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்."

அவர் கட்டுரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். யாரையோ காப்பாற்றுகிறேன் என்றும் நினைத்திருக்கலாம், கெட்டிக்காரத்தனமாகத் தப்பிக்கிறேன் என்றும் நினைத்திருக்கலாம். "பெயர் சொல்ல முடியாத ஒருவரிடம் பெற்றது என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே. அதற்கு யாரும் தடை சொல்லியிருக்க மாட்டார்கள்" என்றார். அது எனக்குத் தோன்றவேயில்லை. மறைக்க வேண்டியது அவர் பெயரை என்று மட்டும் நினைத்து, அவரையே மறைத்திருக்கிறேன்.

பக்கங்களை எடுத்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னார். எவ்வளவு நன்றாக எழுதினாலும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு மேல் கிடையாது. என்னிடம் எஞ்சியிருந்தது எண்ணிக்கையும் வரைபடமும். அவற்றோடு நான் கண்ணால் கண்டதைச் சேர்த்தேன்: பை கொட்டப்பட்டது, கடையில் பேச்சு நின்றது, எழுதாதீங்க என்று ஒரு பெண் சொன்னது. மெலிந்த கட்டுரை. கிராணியின் ஆங்கிலம் இல்லாமல் வாக்கியங்கள் நொண்டின. தேர்ச்சி பெற்றது.

அந்த ஆண்டு கடைசியில் கிராணியை லுக்குட் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். மாற்றல் வழக்கமாக வருவதுதான் என்றார் அப்பா. துரையின் காதுக்கு ஏதாவது போனதா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விரிவுரையாளர் அந்தப் பத்திரிகைக்கு எழுதியிருப்பாரோ என்று நான் பல நாள் யோசித்தேன். அவரிடம் கேட்கத் துணிவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, நான் மம்பாவில் குடியிருந்து ஆசிரியை வேலை பார்த்த காலத்தில், லுக்குட் கடையொன்றில் அவரைப் பார்த்தேன். முன்தலை நரைத்திருந்தது. அவர்தான் முதலில் பேசினார்.

"பட்டம் கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சு. அண்ணே, உங்க பேர நான் யார்கிட்டயும் சொல்லல."

தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சொல்லலன்னு நம்பணும்னுதான் ஆச. ஆனா முடியல தங்கச்சி."

கோபமாகச் சொல்லவில்லை. வெங்காயத்தை வாங்கிக்கொண்டு, பஸ் வந்ததும் ஏறிப் போனார்.