மேலே ஏறுகிறவனுக்குத்தான் முட்டை

நர்ஸ் போர்வையை விலக்கியதும் "ஐயையோ!" என்று கத்திவிட்டேன். என் மாமனாரின் கால் துடைப்பக் கட்டை மாதிரி கிடந்தது. உயரமான சாரத்தில் நாள் முழுக்க நின்று பெயிண்ட் அடித்த மனிதரின் காலா இது?

வேலையிடத்தில் அவருக்கு உச்சாணி என்று பட்டப்பெயர். எழுபதைத் தாண்டியும் சாரத்தின் மேல்தட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார், அவ்வளவு வீம்பு. ஒரு நாள் சாரத்தின் கயிறு அவிழ்ந்து அவரும் என் கணவரும் சேர்ந்தே விழுந்தார்கள். இருவருக்கும் தொடை எலும்பு முறிவு, ஒரே நாளில் ஆபரேஷன், அடுத்தடுத்த கட்டில். என் கணவரானால் ஊன்றுகோலோடு வார்டைச் சுற்றி வருகிறார். மாமாவால் எழுந்து உட்காரவே முடியவில்லை.

"ஒழுங்கா சாப்பிடுறாரா?" என்றார் டாக்டரம்மா.

"தினமும் ரெண்டு பேருக்கும் நான்தானே முட்டை அவிச்சு கொண்டாறேன்!"

மாமா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அப்பா, இங்க குடுத்ததுலேயே வயிறு நெறஞ்சிடுச்சு, நீ தின்னுன்னு முட்டையத் தள்ளுனீங்களே... பொய்யா?"

அவர்கள் தொழிலில் அது ஒரு வழக்கம். அன்றைக்கு மேலே ஏறுகிறவனுக்கு முட்டை, கீழே நிற்கிறவனுக்கு வெறும் ரொட்டி.

"நான் சும்மா படுத்துத்தானேடா கெடக்கேன்? நீதான சீக்கிரம் ஏறணும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் டிபன் பாக்ஸை நங்கென்று வைத்தேன்.

"பெரியவரே, நீங்க படுத்துட்டீங்க, உடம்பு படுக்கலை" என்றார் டாக்டரம்மா. "பெரிய அடி பட்டா உள்ளுக்குள்ள ராப்பகலா வேலை நடக்கும். சாப்பாடு பத்தலைன்னா சதையைக் கரைச்சு எடுத்துக்கும். உங்க பையனுக்குக் கரைஞ்சது திரும்ப வந்துடும். உங்க வயசுல சதை இருப்பே கம்மி, சாப்பிட்டாலும் மெதுவாத்தான் ஒட்டும். அதனால உங்களுக்குத்தான் கூடுதலா வேணும். இப்படியே விட்டா எலும்பு சேர்ந்தாலும் நிக்க மாட்டீங்க."

மாமா திகைத்துப்போய் அவரையே பார்த்தார்.

"அப்போ நான் இன்னும் கீழ எறங்கவே இல்லையாம்மா?"

என் கணவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு முட்டையை உரித்து நீட்டினார். அதைப் பிடிக்கக்கூட அந்த விரல்களில் தெம்பில்லை. முட்டை போர்வையில் உருண்டது. இவர் அதை எடுத்து, பிய்த்து, அப்பாவுக்கு ஊட்டினார். இவர் கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

மாமா பாதியை மென்று விழுங்கினார். மீதிப் பாதி வந்ததும், அந்தக் கையை மெல்ல மகனின் வாய்ப்பக்கமே தள்ளினார்.

"மாமா!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.