பங்குக்குப் போன துறவி

மலையடிவாரத்தில் இருந்த எங்கள் கத்தோலிக்க மடத்தில் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்தேன். சாப்பாட்டு நேரத்தில் யாரும் பேச மாட்டோம். ஒருவர் வாசிப்பார், மற்ற இருபது பேரும் கேட்டபடி சாப்பிடுவோம்.

அமெரிக்காவில் டெக்சஸில் குருக்கள் போதவில்லை என்று அங்கிருந்த ஆயர் கேட்டு எழுதியபோது, மடத்தின் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"இடைக்காலத்துலயும் நம்ம துறவிங்க பங்குக் கோயில்களப் பாத்துக்கப் போயிருக்காங்க. ஆனா தனியா அனுப்பக் கூடாதுன்னு சட்டம் இருந்துச்சு. கூட ஒரு சகோதரராவது போகணும்." ஆயரின் கடிதத்தை மடித்தார். "மத்தவங்க வயசானவங்க, இல்லன்னா இன்னும் படிச்சிக்கிட்டு இருக்கிறவங்க. இப்ப அனுப்ப ரெண்டாவது ஆள் இல்லப்பா."

ஃபிரிஸ்கோ நகரத்துக்கு வடக்கே நாற்பது நிமிடத் தொலைவில் என் பங்கு. ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் நின்று எல்லாரோடும் கைகுலுக்குவேன். பத்து நிமிடத்தில் பார்க்கிங் லாட் காலியாகிவிடும். பிறகு பங்கு இல்லத்தில் நான் மட்டும். யாரோ கொடுத்துவிட்டுப் போன உணவை மைக்ரோவேவில் சூடாக்கி, நின்றுகொண்டே சாப்பிடுவேன்.

பேச்சுத்துணைக்காகத் தினமும் போன் செய்யும் ஒரு மூதாட்டி இருந்தார். ஒருநாள் மருத்துவமனையில் சாகக் கிடந்த ஒருவருக்கு எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்தேன். என் கையைப் பிடித்தபடியே அவர் இறந்துபோனார். வீடு திரும்பியதும் போன் அடித்தது. அந்த மூதாட்டிதான் என்று தெரிந்தும் எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம் ஒரு மணி நேரம் டிரைவ் செய்து, இன்னொரு பங்கில் இருந்த வயதான அமெரிக்கக் குருவிடம் என் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். போன் விஷயத்தைச் சொன்னேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் தினமும் யாரோடு சாப்பிடுகிறேன் என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவப் பரிகாரமாக அவர் செபம் எதுவும் தரவில்லை. இந்த வாரம் பங்கு மக்கள் யார் வீட்டிலாவது போய்ச் சாப்பிடச் சொன்னார்.

மூன்று நாள் தள்ளிப்போட்டேன். பிறகு, தூத்துக்குடியிலிருந்து வந்து பங்கில் இருந்த ஒரு நர்ஸுக்குப் போன் செய்தேன்.

"சனிக்கிழமை மதியம் உங்க வீட்டுக்குச் சாப்பிட வரலாமாம்மா?"

"ஐயோ ஃபாதர்! ரெண்டு வருஷமா இன்வைட் பண்ணணும்னு பேசிக்கிட்டே இருக்கோம். நீங்க துறவியாச்சே, வெளிய சாப்பிட மாட்டீங்கன்னு நாங்களே நெனச்சுக்கிட்டோம்."

சோறும் மீன்குழம்பும் அவித்த முட்டையும் வைத்திருந்தார்கள். மடத்துப் பழக்கதோஷத்தில் பேசாமல் சாப்பிட்டேன்.

"கொழம்பு நல்லால்லியா ஃபாதர்?" என்றார் அவர் கணவர், கவலையோடு.

விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்கள். அதன்பிறகு சாயங்காலப் பூசைக்குக் கிளம்பும்வரை நான் பேச்சை நிறுத்தவில்லை. தமிழில் அவ்வளவு நேரம் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்தக் கணவருக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்து அவர்கள் கிளம்பும்வரை, எட்டு மாதம், மாதம் ஒரு சனிக்கிழமை போனேன். அதன்பிறகு வேறு எந்த வீட்டையும் நானாகக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.