வால்வுக்கு முன்னால் பல்

ஊரெல்லாம் வேலை தேடிச் சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறது. அங்கே பிறந்து வளர்ந்துவிட்டு, வேலை தேடிக் கோயம்புத்தூருக்கு வந்த ஒரே பிரகஸ்பதி நான்தான். மாமனாரின் பம்ப் கம்பெனியில் வால்வு விற்கிறேன். அப்பாவின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்று அக்கா போனில் சொன்னபோது, "நம்ம ஐட்டம்தானே" என்று சொல்லித் தொலைத்தேன். அக்கா போனை வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை, நாலேகால் மணி நேரம் பறந்து சாங்கியில் இறங்கினேன். அறுவை சிகிச்சை வியாழக்கிழமை. என் விடுப்பு பத்து நாள். ஜாலான் புசாரில் அக்கா வீட்டு மின்தூக்கி வாசலில் அப்பா நின்றிருந்தார். எழுபது வயது, பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். "மெலிஞ்சிட்டியேடா" என்றார். என் தொப்பைக்கே நம்பிக்கை வரவில்லை.

மாலையில் தேக்கா கடைத்தெருவுக்கு நடந்தோம். பத்து நிமிட நடைக்கு முக்கால் மணி ஆனது. அப்பா நகைக்கடை முன் நின்றார். பெட்டி விற்கும் கடை முன் நின்றார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பட்டுப்புடவையை உற்றுப் பார்த்தார். "யாருக்குப்பா புடவை?" என்று கேலி செய்தேன். பதில் சொல்ல அவருக்கு மூச்சில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அவர் எதையும் பார்க்கவில்லை, மூச்சு வாங்குவதை மறைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு நானே கடைக்குக் கடை நின்று, வாங்கப்போகாத புடவைக்கெல்லாம் விலை கேட்டேன்.

உணவங்காடியில் நுரை பொங்க ஆற்றித் தரும் டீ தாரே ஒன்றரை சிங்கப்பூர் வெள்ளி.

"மாட்டுச் சவ்வுல செஞ்ச வால்வாம்டா" என்றார் அப்பா. "என் வயசுக்கு அதுதான் தோது. மெஷின் வால்வுன்னா கடைசி வரைக்கும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடணும்."

"மாடா? உங்களுக்குப் பரவாயில்லையா?"

"சாப்பிடக்கூடாதுன்னுதான் சொல்லியிருக்காங்க. வெச்சுத் தைக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலை லா."

திங்கட்கிழமை மருத்துவமனை. இதயம் பார்ப்பார்கள் என்று போனால் பல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். உங்கள் வீட்டிலும் யாருக்காவது வால்வு மாற்றுவதாக இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள்: பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் குடியேறிவிடலாம். அதனால் முதலில் வாய், பிறகுதான் நெஞ்சு. நெஞ்சைப் பிளப்பதற்கு அஞ்சாத அப்பாவுக்குப் பல் டாக்டர் என்றால் நடுக்கம். முன்பே இரண்டு முறை டிமிக்கி கொடுத்திருக்கிறார். கடைவாயில் இரண்டு பல் சீழ் பிடித்திருந்தன. பிடுங்கிவிட்டு, புண் ஆறட்டும் என்று அறுவையை இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள்.

"டிக்கெட்டை மாத்திடறேன்" என்றேன். மாமனார் முதலாளியானால் விடுப்பு கூடும் என்று நினைப்பவர்களுக்கு மாமனார் கிடையாது. இருப்பது அந்தப் பத்து நாள்தான்.

"மாத்தி?" என்றாள் அக்கா. "ஆபரேஷன் அன்னிக்கு வெளிய நாற்காலியில உக்காந்து என்ன பண்ணப்போறே? நான் உக்காந்துக்கறேன். வீட்டுக்கு வந்தப்புறம் ஆறு எட்டு வாரத்துக்கு அவரு எதையும் தூக்கக்கூடாது, தனியா விடக்கூடாது. என் லீவு பத்தாதுடா. மிச்ச லீவை அப்ப எடு."

நியாயம்தான். ஆனால் எனக்கு அந்த நாற்காலிதான் வேண்டியிருந்தது.

புதன்கிழமை பிசியோதெரபி பெண் பாடம் எடுத்தார். மார்பெலும்பை அறுத்துக் கம்பியால் கட்டுவதால், நோயாளியைக் கைபிடித்து இழுக்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் கை கொடுத்து நிமிர்த்த வேண்டும். இருமல் வந்தால் அவர் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஒத்திகை. அப்பா கட்டிலில் படுத்தார்.

"மாட்டைத் தூக்கற மாதிரி தூக்காதடா!"

"மாடு இன்னும் உள்ள போகலையேப்பா."

சிரித்தார், இருமினார், தலையணையைத் தேடினார். நிமிர்த்தியபோது அவர் முகம் என் தோளில் சாய்ந்தது. உட்காரவைத்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை. நாற்பத்திரண்டு வயதில் அப்பாவைக் கட்டிப்பிடிக்க எனக்கு டாக்டர் சிபாரிசு தேவைப்பட்டிருக்கிறது.

"சரியா வந்துச்சாப்பா?"

"இல்லை. இன்னொரு தடவை" என்று மறுபடி படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை, அறுவை நடந்திருக்க வேண்டிய நாளில், நான் விமானம் ஏறினேன். மின்தூக்கிக் கதவு மூடும் முன் அப்பா சொன்னார்: "நான் தூங்கிட்டுத்தான் இருப்பேன். நீ இருக்கியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? போ லா."

எனக்குத் தெரியுமே.

வரும் வியாழன் காலை எட்டு மணிக்கு அவரை உள்ளே அழைத்துப்போகிறார்கள். கோயம்புத்தூரில் அப்போது ஐந்தரை மணிதான் ஆகியிருக்கும். நம் ஊரில் பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்போம். சிங்கப்பூர் உணவங்காடிகளில் ஒரு டிஷ்யூ பாக்கெட் போதும். அது இருக்கும் நாற்காலியை யாரும் தொடமாட்டார்கள். நேற்று அக்கா செய்தி அனுப்பியிருந்தாள்:

"அன்னிக்கு என் பக்கத்து நாற்காலியில ஒரு டிஷ்யூ பாக்கெட் வெச்சிடறேன்டா."